நாலு பக்கமும் வாசல் உள்ள கார்டு!

தஞ்சாவூர்ப் பக்கம் பாட்டு கற்றுக்கொள்ளப் போகும் பிள்ளைக்கு முதல் நாளே சொல்லப்படுவது சுருதி. தம்பூராவோ, சுருதிப் பெட்டியோ, இப்போது செல்போனில் இருக்கும் தம்பூரா ஆப்போ, ஏதாவது ஒன்று ‘ஸ-ப-ஸ’ என்று இழைய ஆரம்பித்த பிறகுதான் வாயைத் திறக்க வேண்டும். அந்த ‘ஸ’ கச்சேரி முடியும்வரை அசையாது. ராகங்கள் மாறலாம். கல்பனா ஸ்வரம் எங்கெங்கோ பறக்கலாம். திரும்பி வந்து உட்கார அந்தத் திண்ணை அங்கேயே இருக்கும்.

அப்படி வளர்ந்த காது, கீபோர்டு வகுப்பில் ‘டிமினிஷ்டு செவன்த்’ என்ற கார்டை முதல் தடவை கேட்கும்போது கொஞ்சம் மிரண்டுதான் போகிறது. கார்டு என்பது சில ஸ்வரங்களை ஒரே நேரத்தில் அழுத்தி எழுப்பும் கூட்டொலி. மேஜர் கார்டு மலர்ச்சியாக இருக்கும். மைனர் கார்டு சற்று வாடியிருக்கும். இது இரண்டிலும் சேராது. கதவுக்குப் பின்னால் யாரோ நிற்பதுபோல இருக்கும். ஊமைப்படக் காலத்தில் திரைக்கு முன்னால் உட்கார்ந்து பியானோ வாசித்தவர்கள், வில்லன் வரும் காட்சிக்கு இதைத்தான் கையில் எடுத்தார்கள்.

கர்னாடக சங்கீதம் தெரிந்த மாணவருக்கு இங்கே ஒரு கேள்வி எழும்: “இந்த நாலில் ‘ஸ’ எது?”

நாலுமே ‘ஸ’ ஆகலாம், எதுவும் ‘ஸ’ இல்லை என்பதுதான் பதில். கேட்டால் விடுகதை மாதிரி இருக்கும். ஆனால், இதைப் புரிந்துகொள்ளத் தேவையான சாமான்கள் எல்லாமே டெல்டாக்காரர் கைக்கு எட்டும் தூரத்தில் இருக்கின்றன. கட்டைக் கணக்கு, ராசிக் கட்டம், கல்லணை. இந்த மூன்றும் போதும்.

பியானோவில் ஏழரை கிடையாது!

“உங்க சுருதி என்ன?” என்று கேட்டால் “ஐந்தரைக் கட்டை” என்பார் பாடகர். அந்தக் கட்டை, கீபோர்டின் கட்டைதான். ‘சி’ என்ற வெள்ளைக் கட்டை ஒன்று. அடுத்தடுத்த வெள்ளைக் கட்டைகள் இரண்டு, மூன்று என்று ஏழு வரை போகும். நடுவே இருக்கும் கறுப்புக் கட்டைகள் ஒன்றரை, இரண்டரை, நான்கரை, ஐந்தரை, ஆறரை. மூன்றுக்கும் நான்குக்கும் நடுவே கறுப்பு இல்லை. ஏழுக்கும் மேல் ஒன்றுக்கும் நடுவேயும் இல்லை. அதனால் மூன்றரை கிடையாது, ஏழரையும் கிடையாது. ஆக, ஒரு ஸ்தாயிக்கு மொத்தம் 12 கட்டை.

இப்போது ஒன்றாம் கட்டையில் விரலை வையுங்கள். வெள்ளை, கறுப்பு எதையும் விடாமல் எண்ணி, இரண்டைத் தாண்டி மூன்றாவதில் அடுத்த விரல். அது 2½. மறுபடி இரண்டைத் தாண்டினால் 4½. மறுபடி தாண்டினால் 6. இன்னொரு முறை தாண்டினால் மேல் ஸ்தாயியின் 1. கிளம்பிய இடத்துக்கே வந்தாயிற்று. 1, 2½, 4½, 6 ஆகிய நாலையும் சேர்த்து அழுத்தினால் அதுதான் டிமினிஷ்டு செவன்த்.

சாதாரண மேஜர் கார்டு 1, 3, 5. அதன் இடைவெளிகளை எண்ணிப் பார்த்தால் நாலு படி, மூன்று படி, பிறகு மேல் ஸ்தாயிக்கு ஐந்து படி என்று ஒன்றுபோல் ஒன்று இருக்காது. அந்த ஏற்றத்தாழ்வை வைத்துத்தான் காது ‘இதுதான் வீடு’ என்று அடையாளம் காண்கிறது. டிமினிஷ்டு செவன்த்தில் எல்லா இடைவெளியும் மூன்று படி. நாலு பக்கமும் ஒரே மாதிரி வாசல் வைத்த மண்டபத்துக்குள் போய், கண்ணைக் கட்டிச் சுற்றிவிட்டால் கிழக்கு எது என்று எப்படிச் சொல்வது?

நம் ஸ்வரக் கணக்கில் இந்த நாலும் ஷட்ஜம், சாதாரண காந்தாரம், பிரதி மத்யமம், சதுஸ்ருதி தைவதம். 58-வது மேளமான ஹேமவதியில் நாலுமே இருக்கின்றன. ஆனால், ஹேமவதியைக் கேட்டு யாரும் மிரள்வதில்லை. அங்கே பஞ்சமம் இருக்கிறது, பின்னால் தம்பூரா இருக்கிறது. வீட்டிலேயே இதைச் சோதித்துப் பார்க்கலாம். ஆப்பில் ஒரு கட்டை சுருதியைப் போட்டுவிட்டு இந்தக் கார்டை வாசித்தால், ஒன்றாம் கட்டை ‘ஸ’வாக அமர்ந்துகொள்ளும். கார்டின் மிரட்டல் பாதி குறைந்துவிடும். சுருதியை நிறுத்திவிட்டு வாசித்தால் கால் வைத்திருந்த தரை நழுவும்.

கிரகபேதம் தெரிந்தவர்களுக்கு இன்னொரு வேடிக்கை. மோகனத்தின் ரிஷபத்தை ‘ஸ’வாக வைத்தால் மத்யமாவதி பிறக்கும். காந்தாரத்தை ‘ஸ’வாக வைத்தால் ஹிந்தோளம். இந்த நாலு ஸ்வரத்தில் எதை ‘ஸ’ ஆக்கினாலும் பிறப்பது இதே நாலு ஸ்வரம்தான்.

சரம், ஸ்திரம், உபயம்

பாடப் புத்தகத்தில் டிமினிஷ்டு செவன்த் கார்டுகள் 12 பெயர்களில் இருக்கும். ‘சி டிமினிஷ்டு செவன்த்’, ‘சி ஷார்ப் டிமினிஷ்டு செவன்த்’ என்று நீளும் அந்தப் பட்டியலைப் பார்த்தே பலர் புத்தகத்தை மூடிவிடுவார்கள். மூட வேண்டியதில்லை. உண்மையில் இருப்பது மூன்றே மூன்று.

ஜாதகக் கட்டத்தை நினைத்துக்கொள்ளுங்கள். அங்கேயும் 12 வீடு. மேஷத்தில் 1, ரிஷபத்தில் 1½, மிதுனத்தில் 2 என்று வரிசையாகக் கட்டைகளை நிரப்பினால், மீனத்தில் 7 வந்து நிற்கும். மேஷம், கடகம், துலாம், மகரம் என்ற சர ராசிகளில் இருப்பவை 1, 2½, 4½, 6. முதல் கார்டு அதுதான். ரிஷபம், சிம்மம், விருச்சிகம், கும்பம் என்ற ஸ்திர ராசிகளில் 1½, 3, 5, 6½. அது இரண்டாவது. மிதுனம், கன்னி, தனுசு, மீனம் என்ற உபய ராசிகளில் 2, 4, 5½, 7. அது மூன்றாவது. அடுத்த வீடு போனால் மறுபடியும் சர ராசிதான். நாலாவது கார்டு என்று ஒன்று இல்லை. லக்னத்திலிருந்து 1, 4, 7, 10 கேந்திரம் என்று எண்ணத் தெரிந்த யாருக்கும் இந்தக் கார்டைக் கண்டுபிடிக்கத் தெரியும்.

கைக்கும் இது சுலபம். வலது கையில் பெருவிரல், ஆள்காட்டி விரல், நடுவிரல், மேலே கைக்கு வசதிப்படி மோதிர விரலோ சுண்டு விரலோ. விரல்களுக்கு நடுவே இடைவெளி ஒரே அளவில் இருப்பதால் கை ஒரு முறை பழகினால் போதும். முதல் கார்டைப் பிடித்துவிட்டு எல்லா விரலையும் ஒரு கட்டை மேலே நகர்த்தினால் இரண்டாவது. இன்னொரு கட்டை நகர்த்தினால் மூன்றாவது. கறுப்பும் வெள்ளையும் மாறி வருவதால் மணிக்கட்டை மட்டும் இறுக்கக் கூடாது. ஒரு வாரத்துக்கு மூன்று கார்டையும் ஒவ்வொரு ஸ்வரமாக ஏற்றி இறக்கி வாசித்து, பிறகு சேர்த்து அழுத்தினால் விரல் தானாகப் போய் உட்காரும்.

தஞ்சாவூரில் எழுந்த ஒரு கேள்வி

ஒரு சந்தேகம் வர வேண்டும். நாலு சம தாண்டலில் ஸ்தாயி சரியாக முடிகிறதே, அது இயற்கையா?

இல்லை. காதுக்குச் சுத்தமாக இழையும் சாதாரண காந்தாரத்தின் அதிர்வெண், ‘ஸ’வைப் போல 1.2 மடங்கு. அப்படி நாலு முறை தாண்டினால் 2.0736 மடங்கு வரும். மேல் ‘ஸ’ இருப்பதோ சரியாக 2 மடங்கில். கார்டு வட்டமாக மூடாமல் இடித்துக்கொண்டு நிற்கும். பஞ்சமத்திலும் இதே தொல்லை. ‘ஸ’விலிருந்து பஞ்சமம், அதற்குப் பஞ்சமம் என்று 12 முறை ஏறினால் ஏழு ஸ்தாயி தாண்டி ‘ஸ’வுக்கே வர வேண்டும். கணக்குப்படி 128 மடங்கு வர வேண்டிய இடத்தில் ஏறக்குறைய 129.75 வருகிறது.

இந்த இடைவெளியை என்ன செய்வது? இந்தக் கேள்விக்காகத் தன் சம்பாத்தியத்தைச் செலவழித்த மனிதர் ஒருவர் தஞ்சாவூரில் இருந்தார். அவர் ஆபிரகாம் பண்டிதர். 1859-ல் தென்காசிப் பக்கம் சாம்பவர் வடகரையில் பிறந்து, திண்டுக்கல்லில் ஆசிரியராக இருந்து, சித்த வைத்தியராகத் தஞ்சாவூரில் நிலைத்தவர். மேல்நாட்டுச் சங்கீதமும் அறிந்தவர். வைத்தியத்தில் வந்த பணத்தைச் சங்கீத ஆராய்ச்சியில் போட்டார். 1912-ல் சங்கீத வித்யா மகாஜன சங்கத்தைத் தொடங்கி, வித்வான்களைத் தஞ்சாவூருக்கு வரவழைத்து மாநாடுகள் நடத்தினார். ஒரு ஸ்தாயியில் எத்தனை சுருதி என்பது அங்கே பெரிய விவாதம்.

22 சுருதி என்பது வழிவழியாக வந்த பதில். பண்டிதர் அதை ஏற்கவில்லை. சிலப்பதிகார உரையில் 12 ராசி வீடுகளில் ஸ்வரங்களை வைத்துக் காட்டும் வட்டப்பாலை முறையை எடுத்துக்கொண்டார். வட்டம் என்றால் கிளம்பிய இடத்தில் முடிய வேண்டும். மிச்சம் வரக் கூடாது. ஆகவே ஸ்தாயியை 12 சம பாகமாகவும், அவற்றைப் பாதியாக்கி 24 ஆகவும் பிரிக்க வேண்டும் என்றார். 1916-ல் பரோடாவில் நடந்த அகில இந்திய சங்கீத மாநாட்டுக்குப் போய், தன் மகள்களைக் கொண்டு இசைத்துக் காட்டித் தன் கருத்தை முன்வைத்தார். 1917-ல் ‘கருணாமிர்த சாகரம்’ என்ற பெருநூலாக அது வெளிவந்தது. இரண்டு வருடம் கழித்து, 1919-ல் அவர் காலமானார்.

பண்டிதர் தேடியது கார்டுகளை அல்ல. பழந்தமிழ் இசையின் கணக்கைத் தேடினார். ஆனால், அவர் வட்டத்தை மூடக் கையில் எடுத்த சம பாகம்தான், பியானோவையும் 12 வீட்டுக்குள் அடக்குகிற சம பாகம். ஒவ்வொரு தாண்டலையும் 1.2 மடங்கிலிருந்து 1.189-க்குச் சுருக்கினால் நாலு தாண்டல் சரியாக 2 ஆகும். கார்டின் நாலு வாசலும் ஒரே அளவாவது அந்தச் சுருக்கத்தால்தான்.

அதற்கு ஒரு விலையும் உண்டு. அந்த விலையைச் சொல்லாமல் விட்டால் நியாயமாகாது. சம பாகத்தில் எந்தக் காந்தாரமும் முழுச் சுத்தமாக இழையாது. கட்டைக்கும் கட்டைக்கும் நடுவே விரலை இழுத்து அசைக்கவும் முடியாது. தோடியின் காந்தாரத்தைப் பியானோவில் தேடினால் கிடைக்காது. அகில இந்திய வானொலி 1940-ல் ஆர்மோனியத்துக்குத் தடை போட்டதற்கும் இப்படிப்பட்ட குறைகளே காரணமாகச் சொல்லப்பட்டன. தடை தளர 1971 ஆயிற்று. கட்டை வாத்தியம் ஒரு பக்கம் கதவை மூடித்தான் மறுபக்கம் கதவைத் திறக்கிறது.

மெட்டு வந்தது, கார்டு வரவில்லை

மேல்நாட்டு இசை தஞ்சாவூருக்கு நேற்று வந்த விருந்தாளி அல்ல. 1798-ல் பட்டமேறிய இரண்டாம் சரபோஜி, அரண்மனையில் மேல்நாட்டு பேண்டு வைத்திருந்தார். அவர் சேர்த்த மேல்நாட்டு இசைச் சுவடிகள் சரஸ்வதி மகாலில் இருக்கின்றன. திருவாரூரில் பிறந்த முத்துசுவாமி தீட்சிதர் ஆங்கிலேய பேண்டு மெட்டுகளை எடுத்துச் சங்கராபரணத்தில் நோட்டு ஸ்வர சாகித்யங்களாக்கினார். வயலின் வந்து நம் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டது. அதில் விரல் வழுக்கும், கமகம் பேசும். மெட்டு வந்தது, வயலின் வந்தது. கார்டு மட்டும் வாசலிலேயே நின்றுவிட்டது. ‘ஸ’ அசையாத வீட்டில், ‘ஸ’வை மாற்றுவதற்கென்றே பிறந்த கார்டுக்கு என்ன வேலை?

சரபோஜி பட்டமேறிய அதே சமயத்தில், வியன்னாவில் பீத்தோவன் ‘பத்தேதிக்’ என்ற பியானோ சொனாட்டாவை எழுதிக்கொண்டிருந்தார். 1799-ல் அது அச்சில் வந்தது. அதன் முதல் பகுதியில், மெதுவான ஆரம்ப இசை நடுவில் ஒரு முறை திரும்பி வரும். ஜி மைனரில், நம் கணக்கில் 5 கட்டையில் அது தொடங்கும். போகிற போக்கில் 1, 2½, 4½, 6 என்ற கூட்டில் நிற்கும். அது 5 கட்டைக்குத் திரும்பும் என்று காது காத்திருக்கையில் 3 கட்டைக்கு, இ மைனருக்குப் போய் இறங்கும். கை அழுத்திய கட்டை மாறவில்லை. தாளில் ‘இ ஃபிளாட்’ என்று எழுதிய 2½ கட்டையை ‘டி ஷார்ப்’ என்று பெயர் மாற்றி எழுதினார், அவ்வளவுதான்.

ஒரே இடத்துக்கு இரண்டு பெயரா என்று தஞ்சாவூர்க்காரர் ஆச்சரியப்பட வேண்டியதில்லை. 17-ம் நூற்றாண்டில் தஞ்சை நாயக்கர் அவையில் இருந்த வேங்கடமகி, 12 ஸ்வர ஸ்தானங்களுக்கு 16 பெயர் வைத்துத்தான் 72 மேளத்தைக் கட்டினார். இதே 2½ கட்டையை ஒரு மேளத்தில் சாதாரண காந்தாரம் என்கிறோம். இன்னொன்றில் ஷட்ஸ்ருதி ரிஷபம் என்கிறோம். எந்த வீட்டுக்குப் போகிறோமோ, அந்த வீட்டு உறவு முறையில்தான் பெயர்.

கல்லணையில் ஒரு ஷட்டர்

இனி, கார்டை எங்கே கொண்டுபோய் விடுவது என்று பார்க்கலாம். கல்லணையில் வந்து சேரும் தண்ணீருக்கு நாலு வழி. காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம். அணையில் நிற்கும்வரை அது ஒரே தண்ணீர். ஷட்டர் திறந்த பிறகுதான் அது கும்பகோணத்துத் தண்ணீரா, பட்டுக்கோட்டைத் தண்ணீரா என்பது தெரியும்.

மூன்றாவது கார்டான 2, 4, 5½, 7-ஐப் பிடித்துக்கொள்ளுங்கள். நாலு விரலில் ஒன்றை மட்டும் ஒரு கட்டை கீழே இறக்குங்கள்.

5½-ஐ 5-க்கு இறக்கினால், காது 1 கட்டை மேஜருக்குப் போகத் துடிக்கும்.

4-ஐ 3-க்கு இறக்கினால், வழி 6 கட்டைக்கு.

2-ஐ 1½-க்கு இறக்கினால், 4½ கட்டைக்கு.

7-ஐ 6½-க்கு இறக்கினால், 2½ கட்டைக்கு.

மனப்பாடம் செய்ய வேண்டாம். இறங்கிய விரல் எங்கே நிற்கிறதோ, அது புது வீட்டின் பஞ்சமம். 5 என்பது 1-க்குப் பஞ்சமம். 3 என்பது 6-க்குப் பஞ்சமம். பஞ்சமம் தெரிந்தவருக்கு ‘ஸ’வைக் கண்டுபிடிக்கச் சொல்லித்தர வேண்டுமா என்ன?

விரலை இறக்காமல் நேராகவே வீட்டுக்குப் போகவும் வழி இருக்கிறது. நாலில் எந்த ஸ்வரத்தை எடுத்துக்கொண்டாலும், அதற்கு அடுத்த மேல் கட்டை ஒரு வீடு. 7-ஐ மேல் 1-க்கு ஏற்றி, 5½-ஐ 5-க்கும் 4-ஐ 3-க்கும் இறக்கி, 2-ஐ 1-க்குக் கொண்டுவந்தால் 1 கட்டையில் சுகமாக உட்காரலாம். நிஷாதம் ‘ஸ’வுக்கு ஏங்குகிற அதே ஏக்கம்தான் இது. நாலு விரலும் நாலு நிஷாதமாக, நாலு ‘ஸ’வுக்கு ஏங்கிக்கொண்டு நிற்கின்றன.

பலர் இந்தக் கார்டைப் பிடிக்கப் பழகிவிட்டு அதோடு நிறுத்திவிடுகிறார்கள். அப்போது அது வில்லன் சத்தமாகவே மிஞ்சிப்போகிறது. தண்ணீரை அணையிலேயே தேக்கி வைத்தால் வயலுக்கு என்ன பயன்? கார்டைப் பிடித்த ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு வீட்டில் கொண்டுபோய் விட்ட பிறகுதான் கையை எடுக்க வேண்டும். திங்கட்கிழமை 1 கட்டை, செவ்வாய் 2½, புதன் 4½, வியாழன் 6. வெள்ளிக்கிழமை, எந்த வீடு என்று முன்கூட்டியே தீர்மானிக்காமல் கார்டைப் பிடியுங்கள். நாலு ஸ்வரமும் சற்று நேரம் ஒலிக்கட்டும். எந்த விரல் நகர விரும்புகிறது என்று கேட்டுவிட்டு, அதை நகர்த்துங்கள்.